வள்ளி கன்னத்துப் பொட்டு

போன மாதம் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். ஹாலில் மளிகைக்கடைக்காரர் கொடுக்கும் தினசரி காலண்டர் வருடாவருடம் ஒரே ஆணியில் மாறி மாறித் தொங்கும். பெயிண்டர் தம்பி அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "மேடம், இங்க பாருங்க. இதான் உங்க வீட்டு ஒரிஜினல் கலரு." சுவரில் காலண்டர் அளவுக்கு ஒரு கட்டம், பளிச்சென்ற இளம்பச்சை. சுற்றி இருந்ததெல்லாம் என்ன நிறமென்று சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருடமும் அதைத்தான் பச்சை என்று நம்பி, வருகிறவர்களிடமெல்லாம் பெருமை வேறு பேசியிருக்கிறேன்.

அவர் ரோலரை எடுத்தார். "செத்த நேரம் இருப்பா" என்றேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. டீ போட்டுக் கொடுத்தேன். அவர் டீ குடித்து முடிக்கும் வரை நான் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர், "அவ அப்படித்தான் தம்பி, பழைய வேலை புத்தி" என்று சமாளித்தார்.

அந்தப் பழைய வேலையை இன்றுவரை யாருக்கும் நான் ஒழுங்காக விளங்க வைத்ததில்லை. திண்டுக்கல்லில் மலைக்கோட்டைக்குப் போகிற வழியில், ஒரு பழைய புகையிலைக் கிட்டங்கியின் மாடியில், ஒரு டிரஸ்ட் சின்னதாக ஒரு மியூசியம் நடத்தி வந்தது. முன்கூடத்தில் பீரங்கிக் குண்டு, நாணயம், துருப்பிடித்த பூட்டுகள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தக் குண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பின்பக்கம் இரண்டு அறைகளில் அச்சுப் படங்கள். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தவை, கல்லச்சில் வண்ணம் வண்ணமாக அடித்தவை, சுருட்டுப் பெட்டி லேபிள்கள், மாதா படங்கள், சாமி படங்கள். அவற்றுக்கு நான் காப்பாளர். எனக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில், பொண்ணு என்ன பண்ணுது என்று யாராவது கேட்டால் அம்மா கொஞ்சம் யோசித்து, "கவர்மென்ட் மாதிரி ஒரு வேலை" என்பாள். தெருவில் எனக்குப் படத்து டீச்சர் என்று பெயர். நான் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை.

கிட்டங்கியிலிருந்து புகையிலை காலியாகிப் பல வருடம் ஆகியிருந்தது. வாசனைக்கு மட்டும் அந்தச் செய்தி எட்டவில்லை. மழை பெய்து சுவர் ஊறினால் அது கிளம்பி மாடிக்கு வந்துவிடும். சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஒருவர் கேட்டே விட்டார்: "இந்த வயசுலயே பொயல போடுவியா கண்ணு?" எங்கள் இயக்குநர் அருள் சாருக்கு அந்த வாசனைமேல் அபார நம்பிக்கை. காகிதத்தை அரிக்கிற ராமபாணப் பூச்சி அதற்குப் பயந்துதான் நம் பக்கமே வருவதில்லை என்பார். அதனால் பாச்சா உருண்டை வாங்க விடமாட்டார். பூச்சி வந்துகொண்டுதான் இருந்தது.

அருள் சார் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட பூதக்கண்ணாடி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சில் பூசை. வேலையில் படு கறார். படத்தை இரண்டு கையாலும்தான் எடுக்க வேண்டும், வளையல் போட்டுக்கொண்டு வரக்கூடாது, முக்கியமாகக் காகிதத்துக்கு மேலே பேசக்கூடாது. "பேசினா எச்சி தெறிக்கும்மா. இன்னைக்குத் தெரியாது, பத்து வருசம் கழிச்சுப் பழுப்பாத் தெரியும்." அதனால் மேஜையில் படம் விரித்திருக்கும்போது ஏதாவது பேச வேண்டுமென்றால் இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோம். படத்தைப் பற்றித்தான் பேச்சு, பார்ப்பதோ எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணியை. அந்த வீட்டு அம்மாள் ஒரு நாள் வந்து, எங்க துணியப் பத்தி உங்களுக்கு என்ன ஓயாத பேச்சு என்று சண்டையே போட்டுவிட்டுப் போனார். இப்போதும் யாராவது ஒரு பழைய போட்டோவைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நன்றாக இருக்கிறது என்பேன். மருமகள் ஆரம்பத்தில் தப்பாக எடுத்துக்கொண்டாள்.

மலைக்கோட்டைப் படங்கள்தான் அருள் சாருக்கு உயிர். இங்கே வந்து போன வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வரைந்துகொண்டு போக, அங்கே சீமையில் யாரோ அதைத் தகட்டில் செதுக்கியிருக்கிறார்கள். செதுக்கினவருக்கு நம் மலை மொட்டையாக இருந்தது பிடிக்கவில்லை போல. உச்சியில் வரிசையாகத் தென்னை மரம் வைத்துவிட்டார். சார் அதைப் பார்க்கும்போதெல்லாம் புதிதாகக் கோபப்படுவார், ஜன்னலைப் பார்த்துத்தான். "தண்ணி யாரு ஊத்துனா? அவன் அப்பனா?"

பொட்டு விவகாரத்துக்கு வருகிறேன். எங்கள் வாட்ச்மேன் பெருமாள் அண்ணன் ஒரு ஆயுத பூஜைக்கு முதல் நாள் எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தானே சுத்தம் செய்து சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். கத்தரிக்கோல், பசைக் கிண்ணம், ஏணி, பீரோ. அதோடு நிறுத்தியிருக்கலாம். மிச்சம் இருந்த சந்தனத்தை வீணாக்க மனமில்லாமல் சுவரில் இருந்த படங்களின் கண்ணாடிக்கெல்லாம் ஒன்று ஒன்று வைத்துவிட்டார். ஒரு கும்பினிக் கேப்டன், சுருள்முடியும் சிவப்புக் கோட்டுமாக, பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பினவர் போல நெற்றி நிறையச் சந்தனத்தோடு நின்றார். அருள் சார் கத்தினார். "பெருமாளு! அவரு வெள்ளக்காரருய்யா!"

"இருக்கட்டும் சார். இப்ப நம்ம வீட்டுலதான இருக்காரு" என்றார் பெருமாள் அண்ணன்.

சார் கேப்டனுக்குத் தானே நெற்றி துடைத்துவிட்டார். கண்ணாடியில் வைத்தது ஓரமாக வழிந்து காகிதத்துக்குப் போய்விட்டால் தீர்ந்தது கதை. குங்குமக் கறை எளிதில் போகாது. அன்றிலிருந்து எங்கள் மியூசியத்தில் படத்துக்குப் பொட்டு வைக்கக்கூடாது என்பது சட்டமானது. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் வருகிற பத்துப் பேரில் நாலு பேர் சாமி படத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றுகிற ஊரில் அப்படி ஒரு சட்டம் தேவைதான்.

செல்லத்தாயம்மா வந்தது அதற்கு அப்புறம். எரியோட்டுப் பக்கம் வெங்காயமும் சோளமும் போடுகிற குடும்பம். ஒரு பெரிய படத்தை வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்திருந்தார். கால் சரியில்லாதவர். அதோடு மாடிப்படியும் ஏறிவிட்டார். மூச்சு வாங்கி முடித்ததும் சொன்னார்: "பழைய வீட்ட இடிச்சுப்புட்டு மகன் புது வீடு கட்டுறான் தாயி. எறக்கையில கண்ணாடி விரிசல் விட்ருச்சு. ஒடஞ்ச சாமி படம் புது வீட்டுக்கு ஆகாதுங்குறாக. கோயில் மரத்தடியில வச்சுட்டு வாம்மாங்குறான். மழ பேஞ்சா நனையுமே. மனசு கேக்கல."

விரிசல் விட்ட சாமி படங்களை அரசமரத்தடியில் சாத்திவிட்டு வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே போக வேண்டிய படம் எங்களிடம் வந்தது. நிரந்தரமாகக் கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, படியில் பக்கவாட்டாக இறங்கிப் போனார். நெற்றியில் விபூதி மட்டும் இருந்தது.

வள்ளி தெய்வானையோடு மயில்மேல் முருகன். பழைய கல்லச்சுப் படம். வாசலுக்கு நேரே மாட்டியிருந்ததால் காலை வெயில் தினமும் நேராக அதன்மேல்தான் விழுந்திருக்கிறது. வெயில் முதலில் சிவப்பையும் மஞ்சளையும்தான் தின்னும். நீலமும் கறுப்பும் மட்டும் தங்கும். முருகன் கிட்டத்தட்டக் கிருஷ்ணராகியிருந்தார். பாவம், இதில் காப்பாற்ற என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேதான் விரிசல் கண்ணாடியைக் கழற்றினேன்.

கழற்றினதும் நான் கத்தினேன். அதுவும் காகிதத்துக்கு நேர் மேலே. சார் ஓடி வந்தார்.

நீலம் பாரித்த அந்த முகங்களின் நெற்றியில் விரல் நுனி அளவுக்கு வட்டம் வட்டமாக, அச்சடித்த அன்றைக்கு இருந்த நிறம். முருகன் நெற்றியில் பொன் மஞ்சள். பாதத்தில் ரோஜா நிறம். மயில் கழுத்தில் கண்ணைப் பறிக்கிற பச்சை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கண்ணாடியைத் துடைத்து அதே இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பொட்டுகள் வெயிலை மறைத்திருக்கின்றன. படம் முழுக்க வெளுத்துப் போக, பொட்டு வைத்த இடம் மட்டும் பிழைத்திருக்கிறது. நானும் சாரும் ஜன்னல் பக்கம் திரும்பவே மறந்துபோனோம். என் வேலைக்காலத்தில் அவ்வளவு சந்தோஷமான நாள் வேறு கிடையாது.

ஒரு வட்டம் மட்டும் இடம் தப்பி இருந்தது. வள்ளியின் கன்னத்தில். மற்றவற்றைப் போலப் பளிச்சென்று இல்லாமல் வெளிர் ரோஜாவாக. செல்லத்தாயம்மா அடுத்த வெள்ளிக்கிழமை சாமியைப் பார்க்க வந்தபோது கேட்டேன். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அதுவா? எங்க வீட்டுக்காரரு வச்சது. நான் கால ஒடிச்சுக்கிட்டேன், முக்காலி மேல ஏற முடியாது. இனி நான் வைக்கிறேன்டின்னாரு. கண்ணுல பொற விழுந்துருந்துச்சு அவருக்கு. ஆப்பரேசனுக்கு வாங்கன்னா வரமாட்டாரு. மத்ததுக்கெல்லாம் தடவிப் பாத்து வச்சுருவாரு, வள்ளிக்கு மட்டும் ஒவ்வொரு வாட்டியும் கன்னத்துலதான் போயி ஒக்காரும். நானும் சொல்லல. சொன்னா வைக்கிறத விட்ருவாருல்ல." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். "போயிச் சேருற வரைக்கும் அப்படித்தான் வச்சாரு."

வெளுத்துப் பாதியான பிறகு வைக்க ஆரம்பித்த பொட்டு. அதனால்தான் அது வெளிர் ரோஜா. அவர் எத்தனையோ காலம் குறி தவறியதெல்லாம் அந்தக் காகிதத்தில் இருந்தது. அந்த அம்மாளிடம் அவருடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. எடுக்கலாம் எடுக்கலாம் என்றே காலம் போய்விட்டதாம்.

இந்த நேரத்தில்தான் டிரஸ்ட்காரர்கள் ஒரு கண்காட்சி வைக்க முடிவு செய்து, படங்களைச் செப்பனிடச் சென்னையிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். நல்ல மனிதர். கை அவ்வளவு மிருதுவான கை. சுருட்டு லேபிளின் கிழிசலை அவர் ஒட்டினால் கிழிந்தது நமக்கே மறந்துபோகும். முருகன் படத்தைப் பார்த்ததும் அவர் சொன்னது இதுதான்: வெளுத்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் இந்தப் புள்ளிகளை மெல்லிய வர்ணத்தால் மங்கவைத்துச் சுற்றியிருப்பதோடு சேர்த்துவிடலாம். "பாக்கறவங்க கண்ணு படத்துல நிக்காது சார், புள்ளியிலதான் போய் நிக்கும். அதுவும் அந்தக் கன்னத்துல இருக்கறது பார்க்க நோய் மாதிரி இருக்கு."

வேலை நெறிப்படி அவர் சொன்னதில் தப்பில்லை. அருள் சாரும் மறுத்துப் பேசவில்லை. எனக்கு மனசுக்குள் அடித்துக்கொண்டது, ஆனால் சொல்ல ஒரு காரணம் அகப்படவில்லை. அந்த அம்மாவுக்குப் பிடிக்காது என்பதை ஒரு காரணமாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. செல்லத்தாயம்மா பக்கவாட்டாகப் படி ஏறி வந்து சேர்ந்தபோது மேஜையில் படம் விரித்திருந்தது, நிபுணர் கிண்ணத்தில் வர்ணம் கலந்துகொண்டிருந்தார். என்ன செய்யப் போகிறார்கள் என்று என்னிடம் கேட்டார். நான் சுற்றி வளைத்துச் சொன்னேன். அவருக்கு நேராகப் புரிந்துவிட்டது.

"பொட்ட அழிக்கப் போறீகளா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை.

"எனக்கு அழிச்சது போதாதா அய்யா? வள்ளிக்கும் அழிக்கணுமா?"

தாலி அறுத்த அன்று பெண்ணை நடுவில் உட்காரவைத்து நெற்றியை அழிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நிபுணர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். அருள் சார் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்து வள்ளியின் கன்னத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிர்வீட்டுக் கொடியில் அன்று துணியே இல்லை.

"கண்ணாடி மட்டும் புதுசு போட்டுக் குடுங்க சார். வேற ஒண்ணும் பண்ண வேணாம்" என்றார் அங்கிருந்தே.

நிபுணர் கோபித்துக்கொள்ளவில்லை. மத்தியானம் பிரியாணி வாங்கிக் கொடுத்தோம், சீரகச் சம்பாவைப் புகழ்ந்துகொண்டே பஸ் ஏறினார். படத்துக்குக் கீழே சுவரில் ஒட்ட நான்தான் குறிப்பு எழுதினேன். இவை கறைகள் அல்ல, ஒரு வீட்டார் வைத்த பொட்டுகள் வெயிலிலிருந்து காத்த நிறங்கள், வள்ளியின் கன்னத்தில் இருப்பது வீட்டுக்காரர் கண் மங்கின பிறகு வைத்தது என்று. சார் அதில் ஒரு கமாவைக் கூட மாற்றவில்லை. அவர் என் எழுத்தைத் திருத்தாமல் விட்டது அந்த ஒரு முறைதான்.

அதற்கு அப்புறமும் அந்த அம்மா வந்துகொண்டிருந்தார். வரும்போதெல்லாம் ஒரு குங்குமப் பொட்டலம் இருக்கும். "ஒண்ணே ஒண்ணு வச்சுக்கிறட்டுமா அய்யா?" என்பார். "வேணாம்மா" என்பார் சார். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள். வெளிச்சம் படாமல் கொஞ்ச காலம் இழுப்பறைக்குள் வைக்க வேண்டும், காகிதத்துக்கு ஓய்வு வேண்டும் என்று நான் பயந்து பயந்து சொன்னபோதுகூட, "நல்லது தாயி, எம்புட்டு காலமா நின்னுக்கிட்டே இருக்காக, செத்த படுக்கட்டும்" என்றுதான் சொன்னார். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு வருவது நின்றது. ஐப்பசியிலேயே தவறிவிட்டதாக, வெங்காயம் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகிற வழியில் மகன் வந்து சொல்லிவிட்டுப் போனார். நானும் சாரும் படத்தை இழுப்பறையிலிருந்து எடுத்து அன்று பூராவும் மாட்டி வைத்தோம்.

சார் காலமான பிறகு டிரஸ்ட் தளர்ந்துவிட்டது. படங்களை ஒரு பெரிய ஊரில் இருக்கிற பெரிய சேகரிப்புக்குக் கொடுத்தார்கள். கொடுத்தது படங்களை. சுவரில் ஒட்டியிருந்த குறிப்பு அட்டைகள் சுவரோடு இருந்துவிட்டன. எனக்கு அதற்குள் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை கிடைத்திருந்தது, கைக்குழந்தை வேறு; போய்ப் பார்க்கவில்லை. கிட்டங்கியை இடித்து இப்போது செல்போன் கடையும் மேலே டியூஷன் சென்டரும் வந்துவிட்டன. ஒரு மழை நாளில் வேண்டுமென்றே அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். நனைந்த சிமெண்ட் வாசனைதான் வந்தது. எரியோட்டுப் பக்கம் புது வீடுகளில் சாமி படங்கள் டைல்ஸிலேயே அச்சாகி வருகின்றன. ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், வெளுக்கவும் வெளுக்காது. பொட்டு வைத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும் என்று வைப்பதில்லை.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பெரிய ஊருக்குப் போனேன். மத்தியானம் நழுவிப் போய் அந்தச் சேகரிப்பைப் பார்த்தேன். முருகன் நல்ல இடத்தில், நல்ல சட்டத்துக்குள் இருந்தார். கிட்டே போனேன். நெற்றிகள், பாதம், மயில் கழுத்து எல்லாம் ஒரே சீராக, அமைதியான ஒரே நீலத்தில் இருந்தன. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். குறை சொல்ல இடமில்லாத வேலை. அப்படி ஒரு கை.

அங்கே காப்பாளராக இருந்த பெண் ஓடி வந்து பேசினாள். என் வயதில் பாதிகூட இருக்காது, கையில் வளையல் இல்லை. "ஸ்டோர்ல இருந்து எடுத்தப்ப ஃபுல்லா ஸ்பாட்ஸா இருந்துச்சு மேம். எங்க டீம் ரொம்பப் பொறுமையா சரி பண்ணாங்க." அவள் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குத் தெரிந்த சந்தோஷம்தான். அதனால் கோபப்பட முடியவில்லை. செல்லத்தாயம்மா உயிரோடு இல்லையே என்று அன்றுதான் முதல் முறையாக நிம்மதிப்பட்டேன். பிறகு அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன், முக்காலி, கண்ணில் விழுந்த புரை, வாயைப் பொத்திய முந்தானை.

அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. "யாராவது சொல்லியிருந்தா தொட்டிருக்கவே மாட்டோம் மேம்" என்றாள். படத்துக்குக் கிட்டே குனிந்து மெதுவாகக் கேட்டாள்: "கன்னத்துல எந்த எடம் மேம்?"

காட்டுவதற்காக விரலை நீட்டினேன். எத்தனையோ வருடம் தினமும் பார்த்த முகம். விரல் கண்ணாடிக்கு முன்னால் இங்கும் அங்கும் போயிற்று. எனக்கே இடம் தெரியவில்லை.